வைரல் லோடு 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்த பிறகும் எச்.ஐ.வி. எங்கே இருக்கிறது?

தாமிரபரணி எழுதியது:

நான் எச்.ஐ.வி. உள்ளவன். திருநெல்வேலிப் பக்கம். பல ஆண்டுகளாகக் கூட்டு மருந்து சாப்பிட்டு வருகிறேன். இப்போது இரவில், மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே ஒரு டி.எல்.டி. மாத்திரைதான். கடைசியாக எடுத்த வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) அறிக்கையில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று வந்திருக்கிறது. அதற்கு முந்தையதிலும் அப்படித்தான். நோய் எதிர்ப்புச் செல்களான சிடி4 எண்ணிக்கையும் நன்றாக இருக்கிறது.

இரத்தத்தில் வைரஸ் இல்லை என்று பரிசோதனையே சொல்லும்போது மாத்திரை எதற்கு? இந்தக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டால் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். ஏன் என்றால் "உள்ளே ஒளிந்திருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். எங்கே ஒளிந்திருக்கும்? இத்தனை ஆண்டு மருந்துக்குப் பிறகும் ஏன் சாகவில்லை?

கேட்கக் காரணம் உண்டு. உறவினர் மூலமாக ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினார். ஒரு மண்டலம் மூலிகை மருந்து, அதுவரை ஆங்கில மருந்தை அறவே நிறுத்திவிட வேண்டும், முடிந்ததும் பரிசோதனை செய்து பாருங்கள், பூஜ்யம் என்று வரும் என்கிறார். பெரிய தொகை கேட்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. என் மனைவி நம்பத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமானால் எனக்கு விஷயம் ஒழுங்காகத் தெரிய வேண்டும்.


மருதம் எழுதியது:

அண்ணாச்சி, அறிவியல் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள். நான் ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் ஆலோசகராக இருப்பவள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

அவர் சொல்வதைக் கவனியுங்கள். உங்களுக்கு இப்போதே பூஜ்யம்தான். பூஜ்யமாக இருப்பவரிடம் பணம் வாங்கிக்கொண்டு பூஜ்யம் ஆக்குகிறேன் என்கிறார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் வைரஸ் மீண்டும் இரத்தத்தில் தென்படும். சிலருக்கு மட்டும் தாமதமாகும். அந்தச் சிலருடைய அறிக்கையைக் காட்டித்தான் இந்த வியாபாரம் ஊர் ஊராக நடக்கிறது. திரும்பி வந்தவர்களின் அறிக்கையை அவர்கள் யாருக்கும் காட்டுவதில்லை. காசநோயும் மூளைக்காய்ச்சலுமாக எங்கள் வாசலுக்கு வந்து சேர்பவர்களை நாங்கள்தான் பார்க்கிறோம்.

இன்னொன்று. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து உரிமை கோரக்கூடாது என்று இந்திய மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயரே எய்ட்ஸ்தான். அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்கள் சிகிச்சைப் புத்தகத்தில் மஞ்சள் காமாலை 'பி' வகைப் பரிசோதனை முடிவு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்து அடக்கி வைப்பவை. அது இருப்பவர்கள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடும்.


குறிஞ்சி எழுதியது:

நான் வைரஸ் ஆய்வகத்தில் வேலை செய்பவள், மருத்துவர் அல்லள். 'எங்கே' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. துகளாக இரத்தத்தில் மிதப்பது அதன் வாழ்வில் சிறு பகுதிதான். சிடி4 செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு இன்டகிரேஸ் என்ற நொதியைக் கொண்டு நம் குரோமோசோமை வெட்டி அந்த டி.என்.ஏ.வை உள்ளே சேர்த்துவிடுகிறது. நம் மரபுத்தொகுதியின் 300 கோடிச் சொச்சம் எழுத்துகளுக்கு நடுவே சுமார் 9,700 எழுத்துகள். அதன் பிறகு வைரஸ் என்று தனியாக எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. அந்தச் செல்லின் மரபிலேயே அது ஒரு பகுதி. செல் இருக்கும் வரை அதுவும் இருக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் இருக்கும்.

இப்போது உங்கள் மாத்திரைக்கு வருவோம். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தப் படியெடுக்கும் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெகிராவிர் குரோமோசோமில் சேர்க்கும் வேலையைத் தடுக்கிறது. மூன்றுமே வைரஸ் ஒரு புதிய செல்லில் குடியேறாமல் பார்த்துக்கொள்பவை. முன்பே குடியேறிவிட்ட செல்லில் இவற்றுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. 'இத்தனை ஆண்டு மருந்து சாப்பிட்டும் ஏன் சாகவில்லை' என்று கேட்டீர்கள். சாகடிப்பது இந்த மருந்துகளின் வேலையே அல்ல. பரவாமல் நிறுத்துவதுதான் அவற்றின் வேலை, அதை மிக நன்றாகச் செய்கின்றன.

அப்படியானால் வைரல் லோடு எப்படி இறங்கியது? மும்முரமாக வைரஸ் உற்பத்தி செய்யும் செல்கள் ஓரிரு நாளில் தாமாகவே செத்துவிடும். மருந்து வந்த பிறகு அவற்றின் இடத்துக்குப் புதிதாக எதுவும் பாதிக்கப்படுவதில்லை. அதனால் முதல் சில வாரங்களிலேயே அளவு சரசரவென்று விழுகிறது.

மிஞ்சுவது நினைவு செல்கள். சிறுவயதில் வந்த அம்மையையும் போட்ட தடுப்பூசியையும் பல பத்தாண்டுகள் நினைவில் வைத்திருப்பவை இந்த வகைச் செல்கள்தாம். நீண்ட நாள் உயிரோடிருப்பதற்கென்றே அமைந்தவை. ஒரு சிடி4 செல் தன் போரை முடித்து ஓய்வுக்குத் திரும்பும் வேளையில் எச்.ஐ.வி. உள்ளே புகுந்துவிட்டால், செல்லோடு சேர்ந்து அதுவும் உறங்கிப்போகிறது. மரபணுக்களை இயக்கும் புரதங்கள் செல்லின் உட்கருவை விட்டு விலகிவிடுகின்றன, டி.என்.ஏ. இறுகச் சுருண்டுகொள்கிறது, வைரஸ் தன்னைத் தானே முடுக்கிவிடத் தேவையான டாட் புரதம் போதிய அளவு உருவாவதில்லை. வைரஸ் புரதம் எதுவும் உருவாகாததால் செல்லின் மேற்பரப்பில் அடையாளமும் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் பக்கத்தில் வந்தாலும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும்.

எத்தனை செல்கள் என்றால், ஓய்வில் உள்ள சிடி4 செல்கள் 10 லட்சத்தை எடுத்து ஆய்வகத்தில் தூண்டிவிட்டால் ஏறக்குறைய ஒன்றிலிருந்து பரவக்கூடிய வைரஸ் வெளிவரும். ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் அந்த வரிசையில்தான் இருக்கும். நம் நிணநீர்ச் செல்களில் இரத்தத்தில் ஓடுவது சுமார் 2 சதவீதமே. மீதி குடலிலும் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் கிடக்கின்றன. வைரல் லோடு பரிசோதனையோ இரத்தத்தின் திரவப் பகுதியில் மிதக்கும் வைரஸ் ஆர்.என்.ஏ.வை மட்டும் எண்ணுவது. உங்கள் அறிக்கையும் உண்மை, மையத்தில் சொன்னதும் உண்மை.


வடகரை எழுதியது:

குறிஞ்சி சொன்னது ஆய்வாளர்களுக்கே ஒரு காலத்தில் பேரிடியாக வந்த செய்தி. 1996இல் வான்கூவர் மாநாட்டில் மூன்று மருந்துக் கூட்டின் முடிவுகள் வெளியானபோது உலகமே எழுந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டின் மனிதராக டேவிட் ஹோவை டைம் இதழ் அட்டையில் போட்டது. 1997இல் அவரும் கணித உயிரியலாளர் ஆலன் பெரல்சனும் மற்றவர்களும் வைரஸ் இறங்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். தெரிந்த செல் வகைகளில் இருப்பது மட்டுந்தான் என்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று வந்தது. வேறு எங்கேனும் தேங்கியிருந்தால் கணக்கு மாறும் என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள்.

அதே 1997இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகத் தேடிப் பார்த்தன. வைரஸ் இறங்கி நாளானவர்களின் ஓய்வுநிலைச் செல்களைத் தூண்டியதும் உயிருள்ள வைரஸ் வெளியே வந்தது. பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோவின் குழு இந்தத் தேக்கம் என்ன வேகத்தில் குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தது. பாதியாகக் குறையச் சுமார் 44 மாதங்கள். அந்த வேகத்தில் முற்றாகத் தீர 70 ஆண்டுகளுக்கு மேல். 'வாழ்நாள் முழுவதும்' என்ற சொல் அந்த அளவீட்டிலிருந்து வந்ததுதான், மருத்துவர்களின் மிகையான எச்சரிக்கையால் வந்ததல்ல.


கரிசல் எழுதியது:

எனக்கு இதில் ஒன்று இடிக்கிறது. 44 மாதத்தில் பாதி என்றால் 20 ஆண்டு சிகிச்சையில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 40இல் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டுமே? 25, 30 ஆண்டு சாப்பிட்டவர்களும் இப்போது இருக்கிறார்களே, அவர்களில் யாராவது நிறுத்திப் பார்த்தார்களா? மாதாமாதம் மாத்திரை விற்பவர்களுக்கு நோய் தீர்ந்துவிடுவதில் என்ன லாபம் இருக்கப்போகிறது என்ற கேள்வியும் எனக்கு உண்டு. குதர்க்கமாகக் கேட்கவில்லை, என் சித்தப்பாவை இந்த நோயில் பறிகொடுத்தவன் நான்.


குறிஞ்சி எழுதியது:

கரிசல், உங்கள் கணக்கு சரி. இதே கணக்கு இடித்ததால்தான் ஆய்வாளர்களும் மேலும் தோண்டினார்கள்.

எச்.ஐ.வி. ஒவ்வொரு முறை குடியேறும்போதும் குரோமோசோமில் வெவ்வேறு இடத்தில் போய்ச் சேரும். இரண்டு செல்களில் ஒரே எழுத்து இடத்தில் வைரஸ் இருந்தால், அவை தனித்தனியாகத் தொற்று பெற்றவையாக இருக்க முடியாது. ஒரே செல்லிலிருந்து பிரிந்தவை. 2014இல் இரண்டு குழுக்கள் இதைத் தேடின. ஒரே இடத்தில் வைரஸைச் சுமந்த செல்கள் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தன. பேக்2 போன்ற, செல்லின் வளர்ச்சியோடு தொடர்புள்ள மரபணுக்களுக்குள் வைரஸ் போய் உட்கார்ந்திருந்த செல்களும் அவற்றில் இருந்தன. சளி, காய்ச்சல், ஏதோ ஒரு கிருமி என்று உடல் தன் நினைவு செல்களைப் பெருக்கும்போதெல்லாம் இவையும் பெருகுகின்றன. வைரஸ் ஒரு துகளைக்கூட வெளியிட வேண்டியதில்லை. நம் செல்தான் தன்னைப் படியெடுக்கிறது, அதோடு அதுவும் படியெடுக்கப்படுகிறது. இதைத் தடுக்க எந்த ஏ.ஆர்.டி. மருந்தாலும் முடியாது.

ஆக ஒரு பக்கம் செல்கள் சாகின்றன, மறுபக்கம் பிரிந்து பெருகுகின்றன. முதல் ஏழெட்டு ஆண்டுகள் சாவு முந்துகிறது. பிறகு சமன்படுகிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சையில் இருந்தவர்களைப் பார்த்த சிலிசியானோ குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பரவக்கூடிய வைரஸைச் சுமக்கும் செல்கள் மெல்ல ஏறுவதாகவே தெரிந்தது. வைரல் லோடு ஏறவில்லை, அவர்கள் நலமாகத்தான் இருக்கிறார்கள். தேக்கம் மட்டும் வற்றவில்லை.

இதைப் படித்துத் தளர்ந்துவிட வேண்டாம். செல்களில் கிடக்கும் வைரஸ் பிரதிகளில் 90 சதவீதத்துக்கு மேல் உடைந்தவை. நடுவே பெரும் பகுதி காணாமல் போயிருக்கும், அல்லது எழுத்துகள் சிதைந்திருக்கும். அவற்றால் புது வைரஸை உண்டாக்க முடியாது. முழுமையான அந்தச் சிறு பங்குதான் நம் தலைவலி. அதிலும், நீண்ட காலம் மருந்து சாப்பிட்டவர்களிடம் மிஞ்சும் முழுப் பிரதிகள் மெல்ல மெல்ல மரபுத்தொகுதியின் மௌனமான பகுதிகளில் இருப்பவையாக மாறிவருகின்றன என்று பாஸ்டனில் மத்தியாஸ் லிக்டர்ஃபெல்டும் சூ யூவும் காட்டியிருக்கிறார்கள். அடிக்கடி விழித்துக்கொள்பவை அடையாளம் காணப்பட்டு அழிகின்றன, ஆழ்ந்து உறங்குபவை தங்குகின்றன என்பது அதன் பொருள். எனக்கு இது மிகவும் நம்பிக்கை தரும் செய்தி.


வயல்வெளி எழுதியது:

நான் விவசாயி. குறிஞ்சி சொல்வதைக் கேட்டதும் கோரைதான் நினைவுக்கு வந்தது. மேலே அறுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். கிழங்கிலிருந்து கிழங்கு வைத்து அது பாட்டுக்குப் பெருகும். ஒரு மழைக்கு எல்லாம் மேலே வந்துவிடும். அண்ணி கிராமத்துக்காரர் என்றால் இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்.


மருதம் எழுதியது:

அருமை ஐயா. நாளையிலிருந்து எங்கள் மையத்திலும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

கரிசல் தம்பி, உங்கள் சித்தப்பாவின் இழப்புக்கு வருந்துகிறேன். இந்தியாவில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான். அதற்கு முன் எத்தனையோ பேரை இழந்தோம். மருந்து நிறுவனங்கள் மீது உங்களுக்குள்ள கோபத்தில் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 2001இல் நம் சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது. ஆனால் குணமாக்கும் மருந்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். இந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களில் பொதுப் பணத்தில் நடக்கிறது. ஒரே ஒருவர் குணமானபோதே உலகம் முழுக்கச் செய்தி வந்ததே.

நிறுத்திப் பார்த்தார்களா என்று கேட்டீர்கள். பெரிய அளவிலேயே பார்த்தார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் 33 நாடுகளில் 5,472 பேர். ஒரு பாதியினர் தொடர்ந்து மருந்து சாப்பிட்டார்கள். மறுபாதியினர் சிடி4 நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்ததும் மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களுக்குச் உடலின் எதிர்ப்பு குறையும்போது தொற்றும் சந்தர்ப்பவாத நோயோ மரணமோ நேரும் ஆபத்து 2.6 மடங்கு. இதய, சிறுநீரக, கல்லீரல் கோளாறுகளும் கூடின. 2006 ஜனவரியில் பாதியிலேயே அந்த ஏற்பாட்டை நிறுத்தவேண்டி வந்தது. ஆராய்ச்சி கண்காணிப்பில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், மூலிகைக்காரரை நம்பி வீட்டில் நிறுத்துபவர்களின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.


வெண்ணிலா எழுதியது:

நானும் எச்.ஐ.வி. உள்ளவள். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. அலாரம் வைத்து, திருமண வீடு, துக்க வீடு எங்கே போனாலும் பையில் எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறேன். ஆனாலும் என் வைரல் லோடு அறிக்கையில் எப்போதும் 100க்கும் 200க்கும் நடுவே ஏதோ ஓர் எண் வருகிறது. நான் போகும் மையத்தில் "சாப்பிட்டிருந்தால் ஏன் வருகிறது? உண்மையைச் சொல்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். வெறும் டப்பாவைக் கொண்டுவந்து எண்ணிக் காட்டச் சொன்னார்கள். எண்ணிக் காட்டினேன். சரியாக இருந்தது. அப்போதும் நம்பவில்லை. எனக்கு மருந்து வேலை செய்யவில்லையா?


தும்பை எழுதியது:

வெண்ணிலா அம்மா, நான் தொற்றுநோய் மருத்துவர். உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் என்பது இன்னும் தவறு.

குறைந்த அளவில் வைரஸ் தொடர்ந்து தெரிந்தால் மருந்து விடுபட்டதா, வைரஸுக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வந்துவிட்டதா, வேறு மருந்தோ இரும்பு, கால்சியம் மாத்திரையோ டோலுடெகிராவிரோடு மோதுகிறதா என்று பார்க்க வேண்டும்தான். இரும்பு, கால்சியம் மாத்திரையையும் டோலுடெகிராவிரையும் ஒரே நேரத்தில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள், அப்படிச் சாப்பிடக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் வருகிறது என்றால் அதற்கு இந்த இழையிலேயே விளக்கம் இருக்கிறது.

குறிஞ்சி சொன்ன அந்தப் பெருகும் செல் கூட்டங்களில் ஏதோ ஒன்று சிலருக்கு மிகப் பெரிதாக வளர்ந்துவிடும். அதில் ஒரு சிறு பங்கு எப்போதும் விழித்திருந்து துகள்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மருந்து இருப்பதால் அந்தத் துகள்களால் இன்னொரு செல்லில் குடியேற முடியாது. ஆனால் பரிசோதனை அவற்றை எண்ணிவிடும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜான் மெல்லர்ஸின் குழு 2020இல் இதை நேரடியாகக் காட்டியது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் வைரஸ் அடங்கவில்லை என்று அனுப்பிவைக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் மிதந்த வைரஸின் எழுத்துவரிசையும் பெருகிய செல் கூட்டத்தில் இருந்த வைரஸின் எழுத்துவரிசையும் அச்சு அசலாக ஒன்றே. மருந்தை மாற்றினாலும் கூட்டினாலும் அந்த எண் குறைவதில்லை. குற்றம் உங்களுடையதும் அல்ல, மருந்துடையதும் அல்ல.

நம் தேசியத் திட்டத்தில் 1,000க்குக் கீழே இருந்தால் அடங்கியதாகத்தான் கணக்கு. உங்கள் எண் அதைவிட வெகு கீழே. ஏறுகிறதா என்று மட்டும் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குறிஞ்சி, உங்களிடம் ஒரு மாறுபாடு. எல்லாமே உறங்கும் செல்கள், பிரியும் செல்கள் என்று முடித்துவிட்டீர்கள். நிணநீர்க் கணுக்களுக்குள் சில மருந்துகளின் அளவு இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு என்று 2014இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். 2016இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மருந்து இருக்கும்போதே கணுக்களில் வைரஸ் தொடர்ந்து பெருகி மாறிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அதை எப்படித் தள்ளுகிறீர்கள்?


குறிஞ்சி எழுதியது:

தள்ளவில்லை டாக்டர், எடைபோட்டுப் பார்க்கிறேன். அந்த ஆய்வு சிகிச்சையின் முதல் ஆறு மாதங்களில் எடுத்த மாதிரிகளை வைத்தது, மூன்று பேருடையவை. அந்தக் காலத்தில் பழைய செல்கள் செத்துக்கொண்டிருப்பதே வைரஸ் மாறுவது போன்ற தோற்றத்தைத் தரும் என்று பின்னால் பலர் சுட்டிக்காட்டினார்கள்.

எனக்கு மூன்று விஷயங்கள் பெரிதாகத் தெரிகின்றன. முதலாவது, ஏற்கெனவே அடங்கியவர்களுக்கு ரால்டெகிராவிர் என்ற இன்னொரு மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் எஞ்சிய அந்த மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு துகள் அளவு குறையவே இல்லை. புதிய தொற்று நடந்துகொண்டிருந்தால் குறைந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் எடுத்த மாதிரிகளில் வைரஸின் எழுத்துவரிசை முன்னேறவில்லை. பழையதே திரும்பத் திரும்ப வருகிறது. எச்.ஐ.வி. ஒவ்வொரு சுற்றிலும் தவறு செய்யும் வைரஸ், பெருகினால் மாறாமல் இருக்க அதற்குத் தெரியாது. மூன்றாவது, மருந்து குறைவாக இருக்கும் இடத்தில் பெருகினால் வைரஸுக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வந்தே தீரும். ஒழுங்காகச் சாப்பிடுபவர்களிடம் அது பெரும்பாலும் வருவதில்லை.

நிணநீர்க் கணுக்கள் தேக்கத்தின் பெரிய உறைவிடம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.


தும்பை எழுதியது:

எதிர்ப்புத் திறன் பற்றிய வாதம் வலுவானது, ஏற்கிறேன். மூளையைப் பற்றி மட்டும் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அங்கே மைக்ரோகிளியா என்ற மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களில் முழுமையான வைரஸ் பிரதிகள் இருப்பதை, இறந்த பின் உடல் தானம் செய்த எச்.ஐ.வி. உள்ளோர் வழியாகக் கண்டிருக்கிறார்கள். உயிரோடிருப்பவரிடம் மூளையைத் திறந்து பார்க்க முடியாதே.


கரிசல் எழுதியது:

மருதம் அக்கா, குறிஞ்சி, இருவருக்கும் நன்றி. குணமான அந்த ஒருவரைப் பற்றிச் சொன்னீர்களே. அவருக்குச் செய்ததை ஏன் எல்லோருக்கும் செய்யவில்லை?


வடகரை எழுதியது:

திமோத்தி ரே பிரவுன். அமெரிக்கர், பெர்லினில் வாழ்ந்தவர். எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் வந்தது. மருத்துவர் கெரோ ஹ்யூட்டர் 2007இலும் 2008இலும் அவருக்குக் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றுச் சிகிச்சை செய்தார். சிடி4 செல்லுக்குள் நுழைய எச்.ஐ.வி. பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற வாயில் இயல்பிலேயே இல்லாத கொடையாளரைத் தேடிப் பிடித்தார். பழைய நோய் எதிர்ப்பு மண்டலம் முழுவதும் போய், வைரஸ் நுழைய முடியாத புதியது வந்தது. எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020 செப்டம்பரில் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால். அவருக்குப் பிறகு லண்டனில் ஆடம் காஸ்டிலேஹோ, டியூசல்டார்ஃபில் ஒருவர், கலிஃபோர்னியாவில் ஒருவர் என்று கைவிரல் விட்டு எண்ணும் அளவில் சிலர். ஜெனிவாவில் ஒருவருக்குச் சாதாரணக் கொடையாளரின் செல்கள் கொடுத்தும் வைரஸ் திரும்பாமல் இருப்பது அவர்களில் தனித்து நிற்கிறது.

திரும்பி வந்த கதைகளும் அதே அளவு முக்கியம். பாஸ்டனில் இரண்டு பேருக்குச் சாதாரணக் கொடையாளர்களின் செல்களை மாற்றினார்கள். அதன் பிறகு எவ்வளவு தேடியும் வைரஸின் டி.என்.ஏ.கூட இரத்தத்தில் அகப்படவில்லை. 2013இல் மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில், மற்றவருக்கு 32 வாரத்தில் வைரஸ் திரும்பியது.

மிசிசிபிக் குழந்தையின் கதை என்னை மிகவும் உலுக்கியது. 2010இல் பிறந்தது. தாய் சிகிச்சையில் இல்லை. பிறந்து 30 மணி நேரத்தில் மருத்துவர் ஹன்னா கே மூன்று மருந்தும் கொடுக்கத் தொடங்கினார். ஒன்றரை வயது வாக்கில் குழந்தையை அழைத்து வருவது நின்றது, மருந்தும் நின்றது. சில மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது வைரஸ் பெருகியிருக்கும் என்று எதிர்பார்த்துப் பரிசோதித்தார்கள். இல்லை. 2013 மார்ச்சில் குழந்தை குணமாகிவிட்டதாக உலகம் கொண்டாடியது. மருந்தின்றி 27 மாதங்கள் அப்படியே இருந்தது. 2014 ஜூலையில் வந்த செய்தி: வைரஸ் திரும்பிவிட்டது. பிறந்து 30 மணி நேரத்தில் தொடங்கியும் எங்கோ சில செல்கள் முந்திக்கொண்டுவிட்டன. அதே ஆண்டில் வந்த குரங்கு ஆய்வில் தொற்றிய மூன்றாம் நாளே, இரத்தத்தில் வைரஸ் தென்படும் முன்பே, மருந்து தொடங்கினார்கள். நிறுத்தியதும் அங்கேயும் திரும்பியது.


தும்பை எழுதியது:

கரிசல் கேட்டதற்கு ஒரு வரி: மாற்றுச் சிகிச்சையிலேயே இறந்துபோகிறவர்கள் உண்டு. பழைய மஜ்ஜையை அழித்து, பிறருடைய செல்களை வைத்து, அவை உடலைத் தாக்குவதையும் சமாளிக்க வேண்டும். புற்றுநோய்க்கு வேறு வழியில்லாதபோது எடுக்கும் ஆபத்து அது. ஒரு மாத்திரையில் இயல்பு வாழ்நாளை எட்டக்கூடியவருக்கு அதைச் செய்ய எந்த மருத்துவரும் துணிய மாட்டார், துணியவும் கூடாது.


தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவியை அருகில் உட்காரவைத்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கோரை உதாரணம் உடனே புரிந்துவிட்டது. அவளுக்கு எச்.ஐ.வி. இல்லை. இப்போது அவளுக்கு வேறொரு பயம். உறங்கும் வைரஸ் என்னிடம் இருக்கிறதென்றால் அவளுக்கு அது வந்துவிடாதா?


மருதம் எழுதியது:

வராது. வைரல் லோடு 200க்குக் கீழே நிலையாக இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. ஐரோப்பாவில் பார்ட்னர் என்ற ஆய்வில் ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள, மற்றவருக்கு இல்லாத 888 இணையரைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாத உறவு ஏறக்குறைய 58,000 முறை. துணையிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை. உறங்கும் செல்கள் எல்லோரிடமும் இருந்தன, பரவவில்லை. வெண்ணிலா, உங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இரத்ததானம் செய்யக்கூடாது. அதில் போவது செல்களோடு சேர்ந்த இரத்தம், அதுவும் பெரிய அளவில். இதை அறிந்தவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன்.


வெண்ணிலா எழுதியது:

தும்பை ஐயா, நான் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில். எச்.ஐ.வி. மாத்திரை இரவில். ஆகவே அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதை அப்படியே அச்செடுத்து அடுத்த முறை மருத்துவரிடம் கொடுக்கப்போகிறேன்.

உறங்குகிறவற்றை எழுப்பிக் கொல்லும் மருந்து வருகிறது என்று எங்கோ படித்தேன். அது எந்த நிலையில் இருக்கிறது?


குறிஞ்சி எழுதியது:

எழுப்புவது நடந்திருக்கிறது, கொல்வதுதான் நடக்கவில்லை. 2012இல் டேவிட் மார்கோலிஸின் குழு, புற்றுநோய்க்குப் பயன்படும் வோரினோஸ்டாட்டைக் கொடுத்து உறங்கும் செல்களில் வைரஸ் ஆர்.என்.ஏ. உருவாவதைக் காட்டியது. அன்று எங்கள் துறையில் பெரிய உற்சாகம். ஆனால் விழித்த செல்கள் சாகவில்லை. இங்கிலாந்தில் ரிவர் என்ற ஆய்வில் தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தேக்கம் குறையவில்லை.

வெட்டி எடுப்பது இன்னொரு வழி. கிரிஸ்பர் கத்தரியால் வைரஸ் டி.என்.ஏ.வைத் துண்டிக்கும் சிகிச்சையைச் சிலருக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, ஆனால் மருந்தை நிறுத்தியவர்களிடம் வைரஸ் திரும்பிவிட்டது. எல்லாச் செல்லையும் எட்டுவதுதான் சிக்கல். மெல்பர்னில் உள்ள டோஹெர்ட்டி நிறுவனத்தில் 2025இல் கொழுப்புத் துகளில், புரதம் செய்யும் கட்டளையான எம்.ஆர்.என்.ஏ.வை வைத்து, உறங்கும் செல்லுக்குள்ளேயே அந்த டாட் புரதத்தை உண்டாக்கி வைரஸை எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளோர் கொடுத்த செல்களில், ஆய்வகத்தில் மட்டும். ஓய்விலிருக்கும் டி செல்லுக்குள் இப்படி எதையும் கொண்டுசேர்ப்பது பெரும்பாடு என்று நினைத்திருந்தோம். அதனால் அதைக் கூர்ந்து கவனித்து வருகிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபாவிர் ஊசியையும் பலர் குணமாக்கும் மருந்து என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதுவும் பரவாமல் தடுப்பதுதான். தேக்கத்தை அது தொடுவதில்லை.


தும்பை எழுதியது:

தேக்கத்தை அழிக்க முடியாத வரை அதனோடு வாழ்வது எப்படி என்பதையும் சேர்த்துப் பேசிவிடுவோம். வைரல் லோடு அடங்கியிருந்தாலும் உடலுக்குள் ஒரு மெல்லிய அழற்சி எஞ்சியிருக்கிறது. விழித்தெழும் செல்கள் சிந்தும் வைரஸ் துணுக்குகள் அதற்கு ஒரு காரணம், தொடக்க நாட்களில் குடல் சுவருக்கு ஏற்பட்ட சேதம் இன்னொன்று. அதனால் எச்.ஐ.வி. உள்ளோருக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இந்தியா உட்படப் பல நாடுகளில் 7,769 பேரை வைத்து நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. 40 வயதுக்கு மேற்பட்ட, இதய நோய் ஆபத்து பெரிதாக இல்லாதவர்களுக்கே பிடாவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையைக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன.

தாமிரபரணி அவர்களே, மூலிகைக்காரர் கேட்ட தொகையில் மிகச் சிறு பகுதி போதும், கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடலாம். புகைப் பழக்கம் இருந்தால் அதை விட்டொழியுங்கள். முடிவுகளோடு உங்கள் மருத்துவரிடம் இந்த ஸ்டாட்டின் வகை மாத்திரை தேவையா என்று கேளுங்கள். மற்ற மருந்துகள் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.